அறுபத்திரண்டாவது ஊசி

செப்டம்பர் 9, செவ்வாய்

போல்ட், நட்டு விற்கும் கம்பெனிக்காரர் ஜனவரியில் இலவசமாகக் கொடுத்த டைரி இது. எட்டு மாதமாக என் வீட்டுக்காரருடைய மூக்குக்கண்ணாடி வைக்கும் மேடையாக இருந்தது. இன்றைக்கு ஏன் எடுத்துத் தூசி தட்டினேன் என்று தெரியவில்லை.

முதல் பக்கத்தைப் பூர்த்தி செய்யச் சொல்கிறது. பெயர்: சௌந்தரி. வயது: நாற்பத்து நான்கு. தொழில்: மீனம்பாக்கத்தில், விமானம் பழுதுபார்க்கும் ஹேங்கரில் உரிமம் பெற்ற இன்ஜினீயர், பதினெட்டு வருடம். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்: கணவர் தணிகாசலம், மாநகராட்சி குடிநீர்ப் பிரிவில் குமாஸ்தா. அவசரத்துக்கு இவரைத் தொடர்புகொண்டால் அவசரம் தீர்ந்த பிறகு வந்து சேருவார். ஆனாலும் எழுதியாயிற்று.

இரண்டு நாளாகப் பாப்பாவில் வேலை. அந்த விமானத்தின் பதிவெண் கே, பி என்று முடிகிறது. விமானிகள் வானொலியில் பேசும்போது அதைக் கிலோ, பாப்பா என்பார்கள். எங்கள் ஹேங்கரில் வெறும் பாப்பா. பாப்பாவின் ஆக்சிஜன் ஜெனரேட்டர்களுக்கு ஆயுள் முடிந்துவிட்டது. அறுபத்திரண்டு பழையது வெளியே, அறுபத்திரண்டு புதியது உள்ளே. இடப்பக்க வரிசைகள் எனக்கு, வலப்பக்கம் டெக்னீஷியன் ஜெபராஜுக்கு. பத்தொன்பதாம் வரிசைக்கு வந்தபோது ஒரு சின்னத் தடங்கல். டீ குடித்துவிட்டு வந்து தொடர்ந்தோம். எல்லாம் சரியாக முடிந்தது. முத்திரை குத்தினேன். நாளைக் காலையிலிருந்து பாப்பா பறக்கும்.

ஜெபராஜின் உள்ளங்கையில் கொப்புளம். டீ கொட்டிவிட்டதாம்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஜெபராஜ் ஊரிலிருந்து மஸ்கோத் அல்வா வரவழைத்துக் கொடுத்தான். சாத்தான்குளம் பக்கத்துப் பையன். தேங்காய்ப் பால் அல்வா, வாயில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அவன் மனைவி எஸ்தருக்கு ஏழாம் மாதம். அவனுக்கு இன்னும் ஒப்பந்த வேலைதான். நிரந்தரம் செய்வதா, அனுப்பிவிடுவதா என்பது இந்த மாத முடிவில் தெரியும். நல்ல வேலைக்காரன். பதற்றம்தான் கொஞ்சம் அதிகம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மும்பையில் இருக்கும் நாத்தனாருக்கு மூட்டு அறுவைச் சிகிச்சை. கூட இருக்க இவர் போக வேண்டும். ரயிலில் இடமில்லை. அதனால் என் கணவர் தன் ஐம்பதாவது வயதில் முதல் முறையாக விமானம் ஏறப் போகிறார். அக்டோபர் ஒன்று, பிற்பகல் இரண்டு நாற்பது, இருக்கை 7C. பெண்டாட்டி விமானத்துக்கு வைத்தியம் பார்க்கிறாள், புருஷனுக்கு மொட்டைமாடியில் ஏறினாலே தலை சுற்றும்.

இன்று முழுக்கக் கேள்வி. வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்கிறார்.

"மேல காத்தே இருக்காதாமே?"

"இருக்கும், மெலிசா இருக்கும். அதனாலதான் உள்ள காத்தை அழுத்தி வெச்சிருக்கோம். நீங்க முப்பத்தஞ்சாயிரம் அடியில இருந்தாலும் உங்க மூக்குக்கு ஊட்டி மாதிரிதான் தெரியும்."

"அந்த அழுத்தம் போயிடுச்சுன்னா?"

"தலைக்கு மேல பலகை தொறக்கும். மஞ்சள் முகமூடி விழும். இழுத்து மூக்கு வாய் மேல வெச்சுக்கணும். இழுக்கறதுதான் முக்கியம். சும்மா தொங்கறப்ப அதுல ஒண்ணும் வராது."

அதற்கப்புறம் சிலிண்டர் எங்கே இருக்கும் என்றார். சிலிண்டர் விமானிகளுக்குத்தான், பயணிகளுக்கு ஜெனரேட்டர் என்றேன். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் புகை விடுமே அதுவா என்றார். சிரித்துவிட்டேன். இது அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் அளவு. உள்ளே உப்பு மாதிரி ஒரு ரசாயனம். ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்துக்கு ஒன்று. மூடியை இழுத்தால் ஒரு கயிறு இழுபடும், சின்ன சுத்தியல் ஒன்று தட்டும், ரசாயனம் சூடாகி ஆக்சிஜனைக் கக்கும். பன்னிரண்டு நிமிடம் வரும். அதற்குள் விமானி பத்தாயிரம் அடிக்கு இறக்கிவிடுவார். அங்கே சாதாரணக் காற்றே போதும்.

"மூடியில தொங்கற பை உப்பலைன்னா பயப்படாதீங்க. கருகற வாசனை வந்தாலும் பயப்படாதீங்க. அது வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"போதும்னா நிறுத்த முடியுமா?"

"முடியாது. ஆரம்பிச்சா தீர்ற வரைக்கும் எரியும். கையில பிடிச்சிருந்தா கை வெந்துடும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"புத்தகத்துல போட்டிருக்கு," என்றேன். வெங்காயத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

ஸ்டோர்ஸில் நசீமா பழைய ஜெனரேட்டர்களை அழிப்பதற்கு அனுப்பப் பெட்டி கட்டினாள். என்னைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டாள். பதில் சொன்னேன்.

தலைவலி. ரசம் மட்டும் வைத்தேன்.

செப்டம்பர் 20, சனி

பாப்பா இன்று: சென்னை, கோயம்புத்தூர், சென்னை, டெல்லி, சென்னை, மதுரை, சென்னை. எல்லாம் நேரத்துக்குப் போய் நேரத்துக்கு வந்தது. சும்மா பார்த்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பாப்பா: ஹைதராபாத், கொல்கத்தா, திருச்சி. நல்லபடி.

டைரியிடம் கூடப் பொய் சொன்னால் அப்புறம் எதற்கு டைரி. எழுதிவிடுகிறேன்.

எட்டாம் தேதி பத்தொன்பதாம் வரிசையில் வந்த சின்னத் தடங்கல் இதுதான். ஜெபராஜ் வலப்பக்கத்தில் ஒரு பழைய ஜெனரேட்டரைக் கழற்றும்போது அது தட்டுப்பட்டு எரியத் தொடங்கிவிட்டது. ஆயுள் முடிந்ததென்று பெயர், வேலை கன கச்சிதமாகச் செய்தது. அவன் கீழே போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு கத்தினான். கீழே இருந்தது விமானத்தின் கம்பளம், அதில் விழுந்தால் தீப்பிடிக்கும் என்று பயந்திருக்கிறான். நான் ஓடிப்போய்த் தீப்போர்வையில் வாங்கி வெளியே சிமெண்டுத் தரையில் வைத்தேன். பதின்மூன்று நிமிடம் எரிந்து அடங்கியது.

இதை எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவித்தால் விசாரணை, மாத முடிவில் அவனுக்கு வீட்டுக்கு வழி காட்டுவார்கள். எஸ்தரின் வயிறு என் கண்ணில் நின்றது. அறுபத்திரண்டும் ஒழுங்காகக் கழற்றப்பட்டன என்று எழுதி முத்திரை குத்தினேன். ஒரு இரக்கம், ஒரு பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று என்று நினைத்தேன்.

இனி ஊசி விஷயம். புதிய ஜெனரேட்டர் வரும்போது அதன் சுத்தியலில் ஒரு பாதுகாப்பு ஊசி குத்தியிருக்கும், சிவப்பு நாடாவோடு. ஊசி இருக்கும் வரை என்ன இழுத்தாலும் எரியாது. பொருத்தியதும் உருவிவிட வேண்டும். பழையதைக் கழற்றுவதற்கு முன்பே அதற்கு வேறு ஊசி குத்த வேண்டும் என்பது கையேட்டுச் சட்டம். எங்கள் ஸ்டோர்ஸில் உபரி ஊசி வாங்கியதே இல்லை. அதனால் எங்களுக்கு ஒரு கைப்பழக்கம். பழையதை அப்படியே கழற்றி இருக்கையில் வைப்போம். புதியதைப் பொருத்துவோம். அதிலிருந்து உருவிய ஊசியைப் பழையதில் குத்துவோம். நான் வருவதற்கு முன்பிருந்தே, இருபது வருடமாக இப்படித்தான்.

ஆகவே புதியது அறுபத்திரண்டு, ஊசி அறுபத்திரண்டு. பெட்டியில் அறுபத்தொன்று ஊசியோடு இருந்தன. எரிந்துபோனது ஒன்று, ஊசி இல்லாமல். மொத்தம் அறுபத்திரண்டு, சரி என்று மூடினேன். ஜெனரேட்டரை எண்ணினேனே தவிர, ஊசியை எண்ணவில்லை.

வெள்ளிக்கிழமை நசீமா கேட்ட கேள்வி: "மேடம், இந்தக் காலி ஒண்ணோட ஊசி எங்க?"

எரிந்ததற்கு ஊசி தேவைப்படவில்லை. அப்படியானால் ஒரு ஊசி மிஞ்சி என் கையில் இருந்திருக்க வேண்டும். இல்லை. "எங்கயாவது விழுந்திருக்கும்," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விழுந்திருக்கலாம். இல்லையென்றால் பாப்பாவில் ஏதோ ஒரு பலகைக்குப் பின்னால், புதிய ஜெனரேட்டரில் அது அப்படியே குத்தி நிற்கிறது. அந்த வரிசைக்காரர்கள் மூடியை இழுத்தால் காற்று வராது. அவ்வளவு உயரத்தில் அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம்தான் நினைவு இருக்கும்.

செப்டம்பர் 22, திங்கள்

ஜெபராஜைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். எரிந்ததும் அவன் பதறிப்போயிருந்தான். அதற்கப்புறம் செய்த வரிசைகளில்தான் விட்டிருப்பான்.

"இல்ல மேடம். எம்பக்கம் ஒண்ணு விடாம உருவுனேன். நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதேன்."

"நல்லா யோசி."

"ஏன் மேடம், எதும் பிரச்சினையா?"

"சும்மா கேட்டேன். போ."

பயத்தில் அப்படித்தான் சொல்வான், பாவம். நான் இப்போது வாயைத் திறந்தால் முதலில் போவது அவன் வேலை. மாத முடிவு வரை பொறுத்துப் பார்ப்போம். ஆயுத பூஜைக்கு ஹேங்கர் முழுக்கக் கவிழ்த்துச் சுத்தம் செய்வார்கள். ஏதாவது கருவிப் பெட்டியின் மூலையில் சிவப்பு நாடாவோடு கிடைக்கும்.

பாப்பா: பெங்களூரு, புனே, கொச்சி. நல்லபடி.

செப்டம்பர் 24, புதன்

இவருக்குப் பெட்டி அடுக்கினேன். ஒரு வாரம் இருக்கும்போதே அடுக்கச் சொல்கிறார். மும்பையில் கிடைக்காதென்று விபூதிப் பொட்டலம் ஏழு.

"நீ பாத்த ப்ளேன்லயே போறதுன்னா நிம்மதியா இருக்கும்," என்றார்.

எந்த விமானம் எந்த ஊருக்குப் போகும் என்பது அன்றன்றைக்குத்தான் முடிவாகும் என்றேன். எங்களிடம் மொத்தம் பதினொரு விமானங்கள். மூடி விழும் சம்பவமே அபூர்வம். விழுந்தாலும் ஒரே ஒரு வரிசை. லட்சத்தில் ஒன்றைக்கூட இன்னும் பலவாக வகுக்க வேண்டும். இதை இவரிடம் சொல்லவில்லை, எனக்கே சொல்லிக்கொண்டேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

பாப்பா: டெல்லி, டெல்லி, மதுரை. நல்லபடி. குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஹேங்கரைக் கழுவி விட்டார்கள். ஐம்பது கருவிப் பெட்டிகளையும் கவிழ்த்து, ஒவ்வொரு ஸ்பேனராகத் துடைத்து அடுக்கினோம். தொலைந்துபோன கைக்கடிகாரம் ஒன்று, யாருடையதோ ஒற்றைக் கொலுசு, மூன்று திருப்புளி, காய்ந்துபோன எலுமிச்சம்பழம் ஒன்று கிடைத்தன. தரையில் மண்டியிட்டு அலமாரிகளுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். என்ன மேடம் தேடறீங்க என்று கேட்டார்கள். தோடு என்றேன்.

ஊசி இல்லை.

ஜெபராஜின் முடிவு பூஜைக்கு அப்புறமாம். இன்னும் இரண்டு நாள் பொறுக்கலாம் என்று எனக்கு உடனே தோன்றியது. தோன்றிய வேகத்தைப் பார்த்தால் இது ஜெபராஜுக்காக மட்டும்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. பதினெட்டு வருடத்தில் என் முத்திரை மேல் ஒரு கறை கிடையாது. அதைப் பெருமையாக எல்லோரிடமும் சொல்லித் தொலைத்திருக்கிறேன்.

அக்டோபர் 1, புதன்

காலையில் இவரை நெற்றி நிறைய விபூதியோடு விட்டுவிட்டு ஹேங்கருக்குப் போனேன். பதினொரு மணிக்குப் பூஜை. நீளமான மேசையில் கருவிகளையெல்லாம் வரிசையாக வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டிருந்தார்கள். இன்ஜினீயர்கள் எல்லோரும் அவரவர் முத்திரையைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தோம். பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுப்பது வழக்கம். ஓடுபாதைப் பக்கத்து அவசர வேலைக்கு மட்டும் ஒரு செட் கருவி தனியாக இருக்கும்.

கற்பூரம் காட்டும்போது செல்போனில் பார்த்தேன். மும்பை, இரண்டு நாற்பது: பாப்பா.

வெளியே வந்தேன். என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். விமானத்தை நிறுத்த வேண்டும் என்று நினைக்கவில்லை. இவரை மட்டும் வேறு விமானத்தில் ஏற்ற வேண்டும் என்றுதான் நினைத்தேன். விமானங்களைப் பிரித்து அனுப்பும் பிரிவுக்குப் போன் செய்தேன். மும்பைக்குப் பாப்பாவுக்குப் பதில் வேறு ஒன்றை மாற்ற முடியுமா, சொந்தக்காரர் ஒருவர் போகிறார் என்று அசடு வழிந்தேன். மாற்றினால் பாப்பா வேறு ஊருக்குப் போகும், வேறு யாராவது அதில் உட்காருவார்கள் என்பது எனக்குத் தெரியாமலில்லை.

எதிர்முனையில் இருந்த பெண் சாதாரணமாகத்தான் கேட்டாள். "ஏன் மேடம், பாப்பாவுல ஏதாவது பிரச்சினையா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பன்னிரண்டு நாளாக அதைத்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். வாயில் வரவில்லை.

"ஆமா," என்றேன். "இருக்கு. யாரையும் ஏத்தாதீங்க. அஞ்சு நிமிஷத்துல எழுத்துல வரும்."

தரக் கட்டுப்பாட்டு மேலாளர் ராமபத்ரன் தையல் இலையில் சுண்டல் தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எரிந்தது, மறைத்தது, ஊசி, நசீமா கேட்டது, எல்லாம். யார் கையில் எரிந்தது என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அவர் சுண்டலைக் கீழே வைத்தார்.

"பறந்தது எத்தனை நாள்?"

"இருபத்தோரு நாள் சார்."

"அதுல உங்களுக்குத் தெரிஞ்சு எத்தனை?"

"பன்னெண்டு."

"ஒன்பது நாள் தப்பு. பன்னெண்டு நாள் பொய். சரி, அப்புறம் பேசிக்கலாம். நடங்க."

அறுபத்திரண்டு பலகைகளைத் திறக்க அந்த ஒரு செட் கருவி போதாது. ராமபத்ரன் நேரே மேசைக்குப் போய்க் குங்குமம் வைத்த திருப்புளிகளை அள்ளினார். யாரோ தயங்கி, பூஜையில் வெச்சது சார் என்றார்கள். "சரஸ்வதிக்கு நான் சொல்லிக்கறேன்," என்றார். என் முத்திரையையும் எடுத்தார். அதை மட்டும் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பாப்பாவில் என்னைத் தொடவிடவில்லை, நடைவழியில் நிற்கச் சொன்னார்கள். அதுதான் முறை. வேறு இரண்டு இன்ஜினீயர்கள் திறந்தார்கள். ஜெபராஜ் வாசலில் வியர்த்து நின்றான். எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டார்கள். வலப்பக்கம் என்று நான்தான் சொன்னேன்.

வலப்பக்கம் முப்பத்தொன்றையும் திறந்தார்கள். மூடிகள் ஒவ்வொன்றாக விழுந்து தொங்கின. ஊசி இல்லை. ஒன்றில்கூட இல்லை. நான் ஜெபராஜைப் பார்க்கவில்லை.

இடப்பக்கம். ஒன்று, இரண்டு, பத்து, பதினைந்து. பத்தொன்பதாம் வரிசைப் பலகை இறங்கியதும் சிவப்பு நாடா தெரிந்தது.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அந்த நாடாவைப் பார்த்த பிறகுதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. பத்தொன்பதில் புதியதைப் பொருத்திவிட்டேன், ஊசியை இன்னும் உருவவில்லை. அப்போதுதான் ஜெபராஜ் கத்தினான், ஓடினேன். எரிந்து அடங்கி, டீ குடித்துவிட்டு வந்து, அவன் தன் பக்கத்துப் புதியதைப் பொருத்தி ஊசியை உருவி, இதை என்ன செய்ய மேடம் என்று நீட்டினான். எரிந்ததற்குத்தான் அது தேவையில்லையே. என் பக்கத்து இருக்கையில் பழையது ஒன்று ஊசியில்லாமல் கிடந்தது, வாங்கி அதில் குத்தினேன். பழையதில் ஊசி ஏறிவிட்டால் அந்த வரிசை முடிந்தது என்பது இருபது வருடக் கைப்பழக்கம். பலகையை மூடிவிட்டு இருபதுக்கு நகர்ந்துவிட்டேன்.

ஜெபராஜ் தன் பக்கத்து ஊசிகள் எல்லாவற்றையும் உருவியிருக்கிறான். அவனைச் சந்தேகப்பட்டதும் நான், அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு பன்னிரண்டு நாள் என்னைக் காப்பாற்றிக்கொண்டதும் நான்.

மாலை ஆறு மணிக்கு இவர் போன் செய்தார். வேறு விமானம் வந்து அப்போதுதான் ஏற்றினார்களாம். "நாலு மணி நேரம் உக்கார வெச்சுட்டாங்க சௌந்தரி. யாரோ ஏதோ பழுது சொன்னாங்களாம். ஜனங்க கண்டபடி திட்டினாங்க. நானும் ரெண்டு வார்த்தை திட்டினேன்."

"திட்டுங்க," என்றேன். "சாப்பிட்டீங்களா?"

அக்டோபர் 2, வியாழன்

இவர் இருக்கை ஏழாம் வரிசை. ஏழாம் வரிசையில் எல்லாம் சரியாக இருந்தது. நான் வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் இவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

பத்தொன்பது A, B, C. இருபத்தோரு நாள், நாளுக்கு ஆறு பயணம், மூன்று பேர். முந்நூற்று எழுபத்தெட்டுப் பேர். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டிருப்பார்கள், தூங்கியிருப்பார்கள், பிள்ளையை மடியில் வைத்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது அதிர்ஷ்டம், என் வேலைத்திறன் இல்லை.

இவரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தத் திட்டு உனக்கா வந்து சேர்ந்துச்சு," என்றார். அப்புறம், "அழுவாத. அக்கா முழிச்சிக்கப் போறா," என்றார். அழுதது நான், தூங்கியது மும்பையில் அவர் அக்கா. அவருக்குப் பதறினால் கணக்கெல்லாம் இப்படித்தான்.

அக்டோபர் 6, திங்கள்

விசாரணை முடிந்தது. ஆறு மாதம் என் முத்திரை கிடையாது. அப்புறம் மறுபடி பரீட்சை எழுத வேண்டும். அது வரை நசீமாவிடம் ஸ்டோர்ஸில் உதவி வேலை. தீர்ப்பு நியாயமானது.

விசாரணைக்கு, எரிந்தது என் கைதவறுதலால் என்று எழுதிக் கொடுக்கத்தான் போனேன். ராமபத்ரன் மேசையில் ஏற்கெனவே ஒரு காகிதம் இருந்தது. ஜெபராஜ் எழுதியது. எரிந்தது தன் கையில், மறைத்ததில் தனக்கும் பங்கு என்று கோணல் மாணலான எழுத்தில். அவன் உள்ளங்கைத் தழும்பை ராமபத்ரன் பார்த்தாராம்.

"கீழ போட்டிருந்தா கம்பளம் எரிஞ்சிருக்கும். கை வெந்தும் போடாம நின்னிருக்கான். இவனை நான் அனுப்ப மாட்டேன்," என்றார். நிரந்தரம் இல்லை, இன்னும் ஆறு மாத ஒப்பந்தம். பயந்துகொண்டு நான் மறைத்த விஷயம்தான் அவனைக் காப்பாற்றியது. அன்றே எழுதியிருந்தால் அன்றே காப்பாற்றியிருக்கும்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். உன்னைத்தான் சந்தேகப்பட்டேன் என்றேன்.

"அது அன்னைக்கே தெரியும்க்கா," என்றான். மேடம் அக்காவானது இன்றுதான். "ஒங்க மேல எனக்கு டவுட்டே வரல. வந்திருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேம்லா."

உபரி ஊசி நூறு வாங்க ராமபத்ரன் கையெழுத்துப் போட்டார். ஸ்டோர்ஸில் என் முதல் வேலை அவற்றை எண்ணி வாங்கி வைப்பது. இனி பழையதற்கு முதலில் ஊசி, அப்புறம்தான் கழற்றுவது. ஊசியை எண்ணாமல் யாரும் முத்திரை குத்தக் கூடாது.

அக்டோபர் 12, ஞாயிறு

இவர் மதியம் திரும்பி வந்தார். அக்கா நடக்கிறாளாம். விபூதிப் பொட்டலம் ஏழில் இரண்டு மிச்சம். காபியைக் கொடுத்துவிட்டு, பயணம் எப்படி என்றேன். சட்டைப் பையிலிருந்து போர்டிங் பாஸை எடுத்து நீட்டினார். 19B.

"நான் இருபத்தாறாம் வரிசையில சீட்டு போட்டேனே."

"கவுன்ட்டர்ல கேட்டு மாத்திக்கிட்டேன். ஜன்னலும் இல்ல, ஓரமும் இல்ல, நடு சீட்டு எதுக்கு சார்னு அந்தப் பொண்ணு சிரிச்சுது."

"எதுக்குங்க?"

"இருக்கறதுலயே நல்ல எடம் அதுதானே இப்ப. எல்லாரும் சேந்து தொறந்து பாத்து மூடினது." காபியை ஒரு வாய் குடித்தார். "பணிப்பொண்ணு மூடியைக் காட்டறப்ப யாருமே பாக்கல. நான் மட்டும்தான் முழுசா பாத்தேன். அப்புறம் எறங்கற வரைக்கும் அந்தப் பலகையைப் பாத்துக்கிட்டே வந்தேன். பயமே தெரியல சௌந்தரி."

போர்டிங் பாஸை இந்தப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

இன்று இவர் வந்தது பாப்பாவில் இல்லை. பாப்பா காலையிலிருந்து கவுகாத்திப் பக்கம் இருந்தது. இன்னமும் தினமும் பார்க்கிறேன், அந்தப் பழக்கம் போகவில்லை. வந்தது வேறு விமானம் என்று இவரிடம் சொல்லவில்லை.

இரண்டு மணி நேரம் அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலிக்கிறது என்றார். தைலம் எடுத்துத் தேய்த்துவிட்டேன்.